கை வச்சிருக்காக

அந்த சீட் பின்னால் போகும், திரும்பி முன்னால் வராது. ஒரு நாள் அடம்பிடிக்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வரும். வண்டி ஓட்டும் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத ரிப்பேர் இதுதான். உடைந்தது உடைந்தே கிடந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நடுரோட்டில் காலை வாரிவிடுவதை என்னவென்று சொல்வது? டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிப்போகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற தாயின் பாடுதான் என் பாடும்.

வண்டி என்னுடையதில்லை. மார்க்கையன்கோட்டையில் தென்னையும் வாழையும் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. நான் அவருக்கு டிரைவர். முதலாளி என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார், அதனால் ஐயா என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இளவயதிலிருந்தே சாமி இல்லை என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் உட்காரும் முன்னறையில் ஒரு சாமி படம் இருக்காது. அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவின் சாமிகள் எல்லாம் அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில், கதவு மறைவில் குடியிருந்தன. இதை வைத்து அவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அவர் கேலி பேசுவார், அம்மா காதில் விழாததுபோல் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஐயா காரில் பின்னால் உட்கார மாட்டார். எனக்குப் பக்கத்தில், முன் இடது சீட்டில்தான் உட்காருவார். “பின்னால ஒக்காந்து போனா நான் சரக்கு, முன்னால ஒக்காந்தாத்தான் ஒன்கூட வர்ற ஆளு” என்பார். வெளியூர் போனால் ஒரே மேஜையில் சாப்பாடு. நான் தயங்கினால் அவர் இலையில் கை வைக்காமல் காத்திருப்பார். டீசல் போட்ட பில்லை நீட்டினால் வாங்கிப் பார்க்கவும் மாட்டார்.

டீசல் பேச்சை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இவரிடம் வருவதற்கு முன்னால் தேனியில் ஒரு வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர் ஒருநாள் நான் வாசலில் நிற்பது தெரிந்தே, “டீசல்ல கை வைக்கிறான் போல” என்று போனில் யாரிடமோ சொன்னார். நான் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரத்தான் செய்யும். டிரைவர் என்றாலே ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை முதலாளி பாக்கெட்டில் என்று நினைக்கிற ஊரில் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு மாசி மாதத்தில். வலது கையும் வலது காலும் போயின. மதுரையில் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு வந்தபோது கோல் ஊன்றி நாலு எட்டு வைப்பார், அதற்கு மேல் முடியாது. மகன் பெங்களூரிலிருந்து வந்து, கூடவே வந்துவிடச் சொல்லிப் பார்த்தார். ஐயா அசையவில்லை. அதுவரை நாங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. அந்தப் பழைய காரில் முன் சீட்டுகள் இரண்டும் கரண்டில் ஓடுகிறவை. சீட்டின் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் முன்னே போகும், பின்னே போகும், மேலே ஏறும், முதுகு சாயும். இடது சீட்டுக்கு அந்தப் பொத்தான் கதவுப் பக்கம், அதாவது ஐயாவின் நல்ல கைப் பக்கம்.

ஏறும்போது சீட் முழுதும் பின்னால் போய் நிற்கும். அவர் முதுகைக் காட்டி உட்காருவார், வலது காலை நான் தூக்கி உள்ளே வைப்பேன். அதற்குமேல் என்னைத் தொட விடமாட்டார். பொத்தானை அவரே அழுத்தி, பாதம் இரண்டும் முன்பலகையில் நன்றாகப் பதியும் வரை சீட்டை முன்னால் கொண்டுவருவார். பதியாவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். சோறு ஊட்டுவது, சட்டை மாட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அடுத்தவர் கையில் போய்விட்ட பிறகு, அவராகச் செய்துகொள்ள முடிந்த காரியம் இது ஒன்றுதான். மோட்டார் உர்ரென்று ஓடும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். “கட்சியில கடைசி வரைக்கும் கெடைக்காத சீட்டு இங்கன கெடச்சிருச்சு பாத்தியா” என்பார்.

ஒரு மத்தியானம் ஐயா சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசு. வீரபாண்டி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஐயா கோலை விட்டுவிட்டு நடந்தால் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டுதல்.

“வீட்டுல எங்கன வச்சாலும் கண்டுபிடிச்சிருவாகப்பா. அவுக ஒக்காருற எடத்துக்கு அடியில கட்டிவிடு. அவுகளுக்குத் தெரியவே வேணாம்” என்றார்கள்.

நான் சாமி கும்பிடுகிறவன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தரையில் படுத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். அங்கே இரண்டு வயர்க் கட்டுகள் இருக்கும். ஒன்று மஞ்சள் உறை போட்டது, விபத்தில் விரியும் காற்றுப்பைக்குப் போவது. மஞ்சளில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இன்னொன்று கறுப்பு உறை, சீட்டுக்குக் கரண்ட் கொண்டுவருவது. பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே ஓடும். கம்பியில் மட்டும் கட்டினால் துணி வழுக்கிக்கொண்டு போனது. அதனால் கறுப்பு வயர்க் கட்டையும் கம்பியையும் சேர்த்துப் பிடித்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். மஞ்சளோடு மஞ்சளாக அது தெரியவே இல்லை. அம்மா குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

சீட் மக்கர் பண்ண ஆரம்பித்தது அதற்குச் சில மாதம் கழித்து, உத்தமபாளையத்தில். ஐயாவின் பழைய சிநேகிதர், தேங்காய் வியாபாரம் பார்க்கிற ஒரு பாய், பேத்தி கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார். இறங்குவதற்காக ஐயா சீட்டைப் பின்னால் கொண்டுபோனார், இறங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், திரும்பி வந்து ஏறினார். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. பின்னால் போன சீட் பின்னாலேயே நிற்கிறது. பாதம் பதியவில்லை, உடம்பு சரிகிறது. கல்யாண வீட்டு ஆட்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கி உட்கார வைத்துத் தலையணை கொடுத்தார்கள். எல்லாம் அன்பாகத்தான். ஐயா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னமனூருக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தது. அதற்குப் பிறகு அழுத்தினால் சீட் ஜம்மென்று முன்னால் வந்தது.

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சீட் நிற்கும்போது மூன்று அசைவும் சேர்ந்தே நின்றன. முன்பின், ஏற்றம், சாய்வு எல்லாம். மூன்று மோட்டாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் சாகாது, அதனால் கோளாறு மோட்டாரில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. வேண்டுதல் நிறைவேறாமல் அதை அவிழ்க்கக் கூடாது என்ற பயத்தில் அதன் பக்கமே போகவில்லை. ஒரு முழத் துணி வயரை என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். என் கண்ணுக்கு அது துணியாகத்தான் தெரிந்தது, இழுத்துப் பிடித்த கயிறாகத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். லேப்டாப்பை மாட்டினார்கள். அங்கே அது அருமையாக ஓடியது. முழு சீட்டையும் மாற்றுவதுதான் நல்லது, தனித்தனியாக வராது என்றார்கள். “மனுசனுக்குக் கை வெளங்கலைன்னா ஆளையே மாத்திப்பிடுவாகளா?” என்று கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார் ஐயா.

அப்புறம்தான் அல்லிநகரத்து எலக்ட்ரீசியனிடம் போனது. தகரக் கொட்டகை, பஞ்சர் கடைக்குப் பக்கத்தில். ஆள் டிப்ளமா படித்தவர், என்னைவிட வயதில் சிறியவர், வாய் ஓயாமல் பேசுவார். தன் வேலையைப் பற்றித் தானே பாராட்டிக்கொள்கிற பழக்கமும் உண்டு. வண்டியை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னால் ஐயா கேட்கவில்லை, தானும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சீட் என்ன ஆனது என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

நல்லவேளை, அன்றைக்கு அது மானத்தை வாங்காமல் உண்மையாகவே நின்றுபோனது. பின்னால் கொண்டுபோனதும் செத்துவிட்டது. எலக்ட்ரீசியன் பொத்தானைக் கழற்றி, அதற்கு வருகிற சிவப்பு, கறுப்பு வயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட், குறையே இல்லை. “கரண்ட் வருதே, பெறகு ஏன் ஓடல?” என்று வண்டியிடமே கேட்டார். பிறகு ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து இரண்டு வயருக்கும் நடுவில் மாட்டினார். பல்பு அணையப்போகிற விளக்குபோல் சிவந்து நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வயருக்குள் பல மயிரிழைகள் முறுக்கியிருக்கும், அதில் ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டரை ஏமாற்றிவிடும், பல்பையும் மோட்டாரையும் ஏமாற்ற முடியாது என்று ஐயாவுக்கு விளக்கினார். பல்பின் ஒரு முனையைக் கறுப்பு வயரிலிருந்து எடுத்து வண்டியின் இரும்பில் வைத்தார். பளீரென்று எரிந்தது. அப்படியென்றால் போகிற கரண்ட் சரி, திரும்பி வருகிற வழியில்தான் கோளாறு, எர்த் வயர் உள்ளுக்குள் எங்கேயோ அற்றுக் கிடக்கிறது.

ஐயா பள்ளிக்கூடத்துப் பையன்போல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கழற்றித்தான் அற்ற இடத்தைத் தேட வேண்டும் என்று எலக்ட்ரீசியன் பேட்டரி முனையை எடுத்தார். காற்றுப்பை இருப்பதால் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சீட்டில் கை வைக்கலாம். அந்த நேரத்தில் ஐயா டீ கேட்டார். சீனி இல்லாமல், நீயே நின்று போடச் சொல்லி வாங்கி வா என்றார். சீட்டைப் புரட்டினால் முடிச்சு தெரியுமே. போகாமல் இருக்கவும் முடியவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் கூட்டம். மாஸ்டரை அவசரப்படுத்தி, திட்டு வாங்கி, டம்ளர்களோடு ரோட்டைக் கடந்து வந்தேன்.

சீட் மல்லாந்து கிடந்தது. கறுப்பு உறை கீறப்பட்டு வயர்கள் வெளியே தெரிந்தன. மஞ்சள் துணியைக் காணவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து கம்பி தெரியவில்லை, குனிந்து பார்க்கவும் தைரியம் இல்லை. அழுக்குத் துணி என்று தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என்னப்பா கோளாறு என்று கேட்டேன்.

எலக்ட்ரீசியன் எனக்குப் பதில் சொல்லாமல் முதலில் ஐயாவைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எர்த் வயரு உள்ளுக்குள்ள அத்திருக்குண்ணே. யாரோ கை வச்சிருக்காக.”

ஒர்க் ஷாப்புகளில் நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற பேச்சுதான் இது. நமக்கு முன்னால் வேறொருவர் இதில் வேலை பார்த்திருக்கிறார் என்பதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. ஒரு எலக்ட்ரீசியன் இன்னொரு எலக்ட்ரீசியனைக் குறை சொல்லாமல் தொழில் பண்ண முடியாது. எனக்கு இது தெரியாதா? ஆனால் அந்தச் சொல் வந்ததும் ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல், நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருப்பதுபோல் பார்த்தார். டம்ளரை அவர் இடது கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் பார்த்தார்.

ஒர்க் ஷாப்புகளோடு சேர்ந்து டிரைவர்கள் வண்டியைக் கெடுத்துக் கமிஷன் வாங்குகிறார்கள் என்று ஊரே பேசும். தேனி வீட்டு வாசலில் நின்ற அதே ஆளாக நான் மறுபடியும் நிற்கிறேன் என்று தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே மேஜை, ஒரே சாப்பாடு, எல்லாம் இதற்குத்தானா? வாயைத் திறந்தால் அம்மாவின் காரியம் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் நான் திருடன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதோடு இன்னொன்றும் உள்ளே அரித்தது. கை வைத்தது உண்மையில் நான்தானே.

காலி டம்ளர்களைக் கடையில் கொடுத்துவிட்டு, கோபம் ஆறட்டும் என்று அங்கேயே வெகுநேரம் இருந்துவிட்டு வந்தேன். அதற்குள் வயரை ஒட்டவைத்து, உறை மாட்டி, சீட்டைப் பூட்டியிருந்தார் எலக்ட்ரீசியன். ஐயா ஏறினார். பொத்தானை அழுத்தினார். முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் வீரபாண்டிக் கோயில் பக்கம் வந்தபோது, ஐயா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “இந்த ஆத்தா இருக்காளே, பெரிய கைகாரிப்பா” என்றார். வழக்கமாக அந்த இடத்தில் அவர் ஏதாவது கிண்டல் சொல்வார், நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அன்றைக்குக் கை என்கிற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. என்னைத்தான் குத்துகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டில் அவரை இறக்கிவிட்டு, அடுப்படிப் பக்கம் போய் அம்மாவிடம் சாவியை நீட்டினேன். வேறு இடத்தில் வேலை வந்திருக்கிறது, நாளையிலிருந்து வர முடியாது என்றேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “அவுகட்ட சொல்லிட்டியாப்பா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்கள். வேண்டுதலைத்தான் கேட்கிறார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஒரு விஷயத்திலாவது சுத்தமாக இருக்கிறோம் என்ற திமிரோடு படி இறங்கினேன்.

ஐயா போன் பண்ணினார். எடுக்கவில்லை. மறுநாளும் பண்ணினார். என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகிறார், நான் மறுபடியும் ஊமையாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சின்னமனூர் டீக்கடையில் வைத்து மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர், ஐயா வரச் சொன்னாக என்று தகவல் சொன்னார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அதையும் கடையில் நாலு பேர் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அதன்பிறகு போன் வரவில்லை. நான் கம்பத்தில் ஒரு டிராவல்ஸில் சேர்ந்து, சீசனில் குமுளிக்கும் மற்ற நாட்களில் எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த நெரிசலுக்குள் நகர்ந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் அந்தக் கார் நின்றது. முன் சீட்டில் ஐயா. கதவு திறந்திருந்தது. எதிரே ஈரச் சேலையும் வேப்பிலையுமாக, கையில் சட்டியோடு அம்மா கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஐயா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் கோல் இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வந்தது உண்மை. இந்த மனுஷன் இங்கே எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற ஆச்சரியமும் வந்தது. அப்போது அவர் திரும்பினார். என்னைக் கண்டுகொண்டார், நல்ல கையை உயர்த்தினார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், போலீஸ்காரர் விரட்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். நிறுத்தியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

ஐப்பசி மழையில் ஐயா இறந்துபோனார். இரண்டாவது தடவை வந்த வாதம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். சேதி கேட்டுப் போனேன். மழையில் நனைந்துகொண்டு, வாசலில் நின்ற கூட்டத்தோடு நின்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டார்கள். “இப்ப வந்து நிக்கிறதுக்கு அவுக கூப்பிட்ட அன்னைக்கே வந்திருக்கலாம்லப்பா” என்றார்கள். வேலையை விட்டுப் போனதற்காகக் கோபித்துக்கொள்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உள்ளே போகாமல், சுடுகாடு வரை நடந்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அல்லிநகரத்து எலக்ட்ரீசியன் கடைப் பக்கம் அதுவரை நான் தலை காட்டவில்லை. இந்தப் பங்குனியில் டிராவல்ஸ் வண்டி ஒன்று தேனிக்குள் வைத்துச் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அங்கே போனேன். அவர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டே, ஐயா இறந்த கேத வீட்டில் உங்களைத் தேடினேனே, எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். நான் பட்டும்படாமல் ஏதோ சொன்னேன். அவர் பேச்சை நிறுத்துகிற ஆளா? அவர் பாட்டுக்கு அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் டீ வாங்கப் போன சமயத்தில் சீட்டைப் புரட்டியதும் மஞ்சள் துணி தெரிந்திருக்கிறது. வயரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியதால், சீட் பின்னால் போகும்போதெல்லாம் வயர் விறைத்து, உள்ளே இழை இழையாக அறுந்திருக்கிறது. அறுத்து எறிந்துவிட எலக்ட்ரீசியன் பிளேடை எடுத்திருக்கிறார். ஐயா வேண்டாம் என்று தடுத்து, முடிச்சைத் தன் நல்ல கையில் வாங்கி உள்ளே இருந்த காசைத் தடவிப் பார்த்தாராம். “இது எங்க வீட்டுக்காரி கை. கட்டிவிட்டது அவன் கையி” என்றாராம். துணியைத் திரும்பக் கம்பியில் மட்டும் கட்டி, வயரைத் தனியாக விடச் சொல்லியிருக்கிறார். காசு முடிச்சு அவிழக் கூடாது என்று அந்த மனுஷன், சாமி இல்லை என்கிற மனுஷன், ரெண்டு தடவை சொல்லியிருக்கிறார். துணியைப் பார்த்ததை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, டிரைவரிடம்கூட, அவனாகச் சொல்கிறானா பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நான் வந்து கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் கை வச்சிருக்காக என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாராம்.

பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க வாயவே தொறக்கலைல்லண்ணே. டம்ளரக் குடுக்கப் போனீகள்ல, அப்ப எங்கிட்ட சொன்னாக” என்றார் அவர். “பாத்தியா, அவன் அவள விட்டுக்குடுக்கல. நாளைக்கு நான் இல்லைனாலும் அவளுக்கு ஒரு ஆளு இருக்குன்னாக.”

இதை ஏன் அப்போதே எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். நீங்கள்தான் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லையே, நீங்கள் அங்கே வேலையை விட்டு நின்ற விஷயமே எனக்குக் கேதத்தன்றைக்குத்தான் தெரியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பார்த்த அந்தப் பார்வையை இப்போது எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதில் என்மேல் சந்தேகம் இல்லை. இருந்ததே இல்லை. ஒரு மனுஷன் என்னைப் பெருமையாகப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தப் பார்வை பழக்கமில்லை, அதனால் வேறு என்னவோ என்று நினைத்துவிட்டேன். போனை எடுத்திருந்தால் ஒரு பேச்சில் தீர்ந்திருக்கும்.

வண்டி சரியானதும் நேராக மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். அம்மாவிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வேண்டுதல் அவருக்கு அன்றைக்கே தெரியும் அம்மா, தெரிந்தேதான் காப்பாற்றி வைத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ கோயிலுக்கோ எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், சம்பளம் எல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கேட் பூட்டியிருந்தது. ஷெட்டில் காரும் இல்லை. தோப்பில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். தோப்பைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவராம். தை மாதமே மகன் வந்து அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னார். அம்மாவுக்குப் போக இஷ்டமே இல்லையாம்.

“நம்பி ஒரு ஆளு இருந்தா நான் இங்கனயே கெடந்துக்கிருவேன்னு சொல்லிச் சொல்லி அழுதாக, பாவம்” என்றார்.

பிறகு, நீங்கள் யார் என்று கேட்டார். முன்னால் இங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் என்றேன்.

“ஓ, ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம விட்டுட்டுப் போனாகன்னு சொல்லுவாகளே, அந்த டிரைவரா?”

ஆமாம் என்றேன்.